கடலுக்குக் கீழே யார் அடுப்பு வைத்தது?

எங்கள் தெருவில் சாயங்காலம் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எடுக்கிறேன், ஒன்றாவது இரண்டாவது படிக்கும் பொடிசுகள்தான் அதிகம். நீர் சுழற்சிக்கு எல்லோரும் காட்டுகிற அதே சோதனைதான்: கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர், மேலே மூடியாக ஒரு தட்டு, தட்டில் ஐஸ் கட்டி. கொஞ்ச நேரத்தில் தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துச் சொட்ட ஆரம்பித்ததும் "மழை, மழை" என்று ஒரே கூச்சல். அப்புறம் ஒருத்தி கேட்டாள், "அக்கா, அப்போ கடலுக்குக் கீழ யாரு அடுப்பு வச்சது?" கொடியில் காயும் துணியை யாரும் கொதிக்க வைப்பதில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள், அவள் ஆட்டவில்லை. வெந்நீரே இல்லாமல் செய்து காட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

*

அந்தப் பிள்ளை கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. நான் தூத்துக்குடிப் பக்கம் ஆசிரியை, எங்களுக்கு உப்பளமே ஆய்வுக்கூடம். பாத்திக்குள் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டால் வெயிலும் காற்றும் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விடும், உப்பு தங்கிவிடும், யாரும் தீ மூட்டுவதில்லை. எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் உப்பு வாருகிறவர்கள் இருப்பதால் இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் போன தண்ணீர் எங்கே போனது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது, சோதனை அதற்குத்தான்.

அகலமான பேசினில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர், அதில் உப்பும் இரண்டு சொட்டு நீல மையும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதே கணக்கில் போட்டால் "இதுதான் நம்ம கடல்" என்று தைரியமாகச் சொல்லலாம். நடுவில் ஒரு சின்னக் கனமான டம்ளர், பேசின் விளிம்பைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், மிதந்தால் உள்ளே கழுவிய கூழாங்கல் ஒன்று போடுங்கள். மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை மூடிக் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டி, டம்ளருக்கு நேர் மேலே ஒரு கல் வைத்தால் தாள் அங்கே குழிந்து கொடுக்கும். காலை பத்து மணிக்கு வெயிலில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போய்ப் பார்த்தால் தாளின் அடியில் துளிகள் சேர்ந்து, சரிவில் வழிந்து, டம்ளருக்குள் சொட்டியிருக்கும். நிறைய எதிர்பார்க்காதீர்கள், சில ஸ்பூன் கிடைத்தாலே பெரிசு. நீலமும் இல்லை, கரிப்பும் இல்லை. மை கலந்திருப்பதால் நான் பிள்ளைகளுக்கு ருசி பார்க்கக் கொடுப்பதில்லை. ருசிதான் முக்கியம் என்றால் மையை விட்டுவிட்டு, குடிக்கிற தண்ணீரும் சமையல் உப்பும் சுத்தமான பாத்திரமுமாகச் செய்யுங்கள்.

*

மேலே டீச்சர் சொன்ன சோதனை அருமை, ஆனால் என் பையனுக்கு நாலு வயசு, மதியம் வரைக்கும் எதற்கும் காத்திருக்க மாட்டான். அவனிடம் எடுபட்டது ஐஸ் தண்ணீர் டம்ளர்தான். வெளிப்பக்கம் வேர்க்கிறது இல்லையா, அதைப் பார்த்து "டம்ளர் ஒழுகுதுப்பா" என்றான். சரி என்று ரஸ்னா கலந்து ஐஸ் போட்டு வைத்தேன், வெளியே வழிந்ததை வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினேன், துணியில் ஆரஞ்சு இல்லை. அப்படியும் நம்பவில்லை, "கலர் மட்டும் உள்ளேயே நின்னுடுச்சு" என்றான் (தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது). கடைசியில் காலி எவர்சில்வர் டம்ளரை ஃப்ரீசரில் வைத்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனாலும் வெளியே பனி படர்ந்து அப்புறம் நீராக வழிந்தது. அந்தத் தண்ணீர் அறையின் காற்றில் இருந்து வந்தது என்பதை அதற்கு மேல்தான் சொன்னேன். சென்னைக் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் இங்கே நொடியில் வேர்க்கும், உள்மாவட்டங்களில் வறண்ட கோடையில் கொஞ்சம் தாமதமாகலாம்.

*

வெந்நீர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை பேசுகிறேன், அதைத் தூக்கிப் போட வேண்டாம். மேகம் காட்ட அதுதான் வசதி. பெரிய கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, ஊதுபத்திப் புகையைச் சிறிது உள்ளே விட்டு, உடனே மேலே ஐஸ் தட்டை வைத்துப் பாருங்கள். புகை இல்லாமல் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும், வெள்ளையாகச் சுழலும். நீராவி துளியாக மாற ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும், வானத்தில் அந்த வேலையைத் தூசியும் கடல் உப்புத் துகளும் செய்கின்றன. இன்னொன்று, பாத்திரத்துக்கு மேலே தெரியும் வெள்ளைப் புகையைக் காட்டி "இதுதான் நீராவி" என்று சொல்லிவிடாதீர்கள், அது ஏற்கெனவே குளிர்ந்து பொடித் துளிகளாகிவிட்ட தண்ணீர். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெந்நீரையும் தீப்பெட்டியையும் மட்டும் நீங்களே கையாளுங்கள், பிள்ளைகளுக்கு ஐஸ் கட்டி அடுக்கும் வேலையைக் கொடுத்தால் போதும், அதில் பாதியை வாயில் போட்டுக்கொள்வார்கள், கூடுதலாகவே எடுத்து வையுங்கள்.