பியசோ தகட்டைத் தட்டினால் எல்இடி மின்னுகிறது, ஆனால் கெப்பாசிட்டர் ஏறவில்லை

சுருள்வில்:
கதவு நிலையில் 27 மி.மீ. பியசோ தகடு (அழுத்தினாலோ வளைத்தாலோ மின்சாரம் தருவது) ஒன்றை ஒட்டியிருக்கிறேன். கதவு மோதும்போது வரும் மின்சாரத்திலேயே ஒரு ப்ளூடூத் சென்சார் ஓட வேண்டும், பேட்டரியே கூடாது. தகட்டை விரலால் தட்டினால் எல்இடி பளிச்சென்று மின்னுகிறது. நான்கு ஷாட்கி டயோடு (வோல்டேஜ் இழப்பு குறைந்த, ஒருவழி மட்டும் மின்சாரம் விடும் வகை) வழியாக, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குக் கொடுத்தால், தட்டுக்குச் சில மில்லிவோல்ட்தான் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இறங்கிவிடுகிறது. தகடு மட்டமா?

அரைவாட்:
தகட்டைத் திட்டாதீர்கள், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அந்த அளவுத் தகட்டின் கெப்பாசிட்டன்ஸ் (சார்ஜ் பிடிக்கும் திறன்) சுமார் 20 நானோஃபாரட். ஒரு தட்டுக்கு 20 வோல்ட் வருகிறது என்றே வையுங்கள். ஆற்றல் 4 மைக்ரோஜூல், சார்ஜ் 0.4 மைக்ரோகூலம். அதை 100 மைக்ரோஃபாரடில் கொட்டினால் 4 மில்லிவோல்ட். நீங்கள் பார்ப்பது அதைத்தான். 3.3 வோல்ட் வர எண்ணூறு தட்டுக்கு மேல் வேண்டும், அதுவும் கசிவே இல்லாவிட்டால்.

பியசோவிடம் வோல்டேஜ் தாராளம், கரண்டில் மகா கஞ்சம். அதனால் 1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரில் உயர் வோல்டேஜிலேயே சேர்த்து, அப்புறம் வோல்டேஜை இறக்குங்கள். எல்டிசி3588 சிப் இதற்கென்றே வந்தது: உள்ளேயே ரெக்டிஃபையர் (மாறிமாறி வருவதை ஒரே திசையாக்குவது) உண்டு, உள்ளீடு 5 வோல்ட் அளவுக்கு ஏறும்வரை காத்திருந்து 3.3 வோல்ட்டாகத் தரும். சிப் வேண்டாம் என்றால் ஷாட்கியையாவது கழற்றுங்கள். எல்லோரும் ஷாட்கியைத்தான் போடச் சொல்வார்கள், தெரியும். 20 வோல்ட் வரும் இடத்தில் அரை வோல்ட் இழப்பு பெரிதில்லை. ஷாட்கியில் பின்னோக்கிக் கசியும் கரண்ட்தான் சேர்த்ததைத் தின்கிறது. சாதாரண 1என்4148 டயோடு போதும்.

காந்தவிசை:
கதவுக்குப் பியசோவே வேண்டாம் என்பேன். பேட்டரி இல்லாத வயர்லெஸ் சுவிட்சுகள் சிலவற்றில் காந்தமும் சுருளும்தான். ஒரே அழுத்தலில் நூறு மைக்ரோஜூல் அளவு கிடைக்கும், சின்னத் தகவல் ஒன்றை ரேடியோவில் அனுப்ப அது போதும்.

அரைவாட்:
அதுவும் சரிதான். பியசோவையே விடமாட்டேன் என்றால், தகட்டை நிலையோடு முழுசாக ஒட்டாதீர்கள், வளைய இடமில்லை. நீளமான பியசோ பட்டை ஒன்றை வாங்கி, ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் சின்ன எடை ஒட்டுங்கள். கதவு ஒருமுறை மோதினால் பட்டை பலமுறை ஆடி அடங்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சார்ஜ்.

சுருள்வில்:
பட்டை யோசனை பிடித்திருக்கிறது. எடை எவ்வளவு வைக்கலாம்?

அரைவாட்:
கூட்டினால் ஆட்டம் மெதுவாகும், வளைவு அதிகமாகும். பியசோ செராமிக் சட்டென்று விரிசல் விடும், அதனால் குறைவாகத் தொடங்கி ஏற்றிப் பாருங்கள்.