டீமா சேர்ந்து ஆன்ஷேப்ல ரோபோ டிசைன் பண்றவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நான் ஸ்கூல் பசங்க ரோபோடிக்ஸ் டீமுக்கு டிசைன் மெண்டாரா இருக்கேன், மொத்த ரோபோவையும் ஆன்ஷேப்ங்கிற 3டி டிசைன் சாஃப்ட்வேர்லதான் போடுறோம். பிரவுசர்லயே ஓடுறதால யார்கிட்ட என்ன லேப்டாப் இருந்தாலும் சரி, குரோம்புக்கா இருந்தாலும் சரி, திறந்து வேலையை ஆரம்பிச்சிடலாம், ஃபைலை மாத்தி மாத்தி அனுப்புற தொல்லையே கிடையாது. ஆனா ஒரே டாக்குமெண்ட்ல ஏழெட்டு பேரு ஒரே நேரத்துல கை வைக்கிறப்போ அதுக்குன்னு ஒரு ஒழுங்கு வேணும், அதைப் பத்தித்தான் பேசணும்.

முதல்ல எங்களுக்கும் எல்லாமே ஒரே டாக்குமெண்ட்தான், டிரைவ்டிரெயின் (ரோபோவை ஓட்டுற சக்கரப் பகுதி), இன்டேக் (பொருளை உள்ள இழுக்குற பகுதி), ஆர்ம் எல்லாம் டேப் டேபா வரிசையா கிடக்கும். டிரைவ்டிரெயின் பாக்குற பொண்ணு சைடு பிளேட்டை மாத்திட்டு இருக்கா, அதே நேரத்துல இன்டேக் பையன் அந்த பிளேட்ல இருக்க ஓட்டையைப் பிடிச்சு ரோலர் ஷாஃப்ட்டை மேட் பண்ணிட்டு, அதாவது அதோட இணைச்சுட்டு இருக்கான், அவ அந்த ஓட்டையை எடுத்ததும் இவன் ஸ்கிரீன்ல மேட் எல்லாம் செவப்பாயிடுச்சு. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையத்தான் பார்த்தாங்க, யாரையும் திட்ட முடியாது.

அதுக்கப்புறம் ஒவ்வொரு சப்சிஸ்டமும் தனி டாக்குமெண்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொறுப்பாளர், எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்குற மெயின் அசெம்பிளி தனி டாக்குமெண்ட். இதுல பெரிய நிம்மதி என்னன்னா, வேற டாக்குமெண்ட்ல இருந்து ஒரு பார்ட்டை உள்ள கொண்டு வரணும்னா வெர்ஷன் (அந்த நேரத்து டிசைனை மாறாம சேமிச்சு வைக்கிறது) போட்டாத்தான் வரும். அவங்க உள்ள என்ன உருட்டுனாலும் மெயின் அசெம்பிளி அசையாது. புது வெர்ஷன் வந்தா பக்கத்துல லிங்க் ஐகான் நீலமா மாறும், நாம பார்த்துட்டு அப்டேட் குடுத்தாத்தான் மாறும். வெர்ஷனுக்குப் பேர் வைக்கிறதுல மட்டும் நான் கொஞ்சம் கறார், சும்மா வி5, வி6ன்னு விடக்கூடாது, "ரோலர் 10 மிமீ முன்னாடி தள்ளியாச்சு, பெல்ட் நீளம் இன்னும் பாக்கல"ன்னு எழுதணும்.

நீங்கள்லாம் எப்படிப் பிரிக்கிறீங்க?

பதில்:

அண்ணா நாங்களும் தனித்தனி டாக்குமெண்ட்தான், ஆனா அதுக்கு முன்னாடி எது எங்க வரும்னு காட்டுற ஒரு லேஅவுட் ஸ்கெட்ச் போட்டே ஆகணும், அது இல்லாம பிரிச்சா கடைசில ஒண்ணோட ஒண்ணு சேராது. நாங்க ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்ங்கிற மாணவர் ரோபோ போட்டில இருக்க டீம், மேட்ச் ஆரம்பிக்கிறப்போ ரோபோ 18 இன்ச் கியூபுக்குள்ள அடங்கணும். அதனால பக்கவாட்டுல இருந்து பாக்குற மாதிரி ஒரே ஸ்கெட்ச், அதுல தரைக்கோடு, சக்கர சென்டர், 18 இன்ச் பெட்டி, ஆர்ம் பிவட் பாயிண்ட் (ஆர்ம் சுத்துற அச்சு), ஆர்ம் மடங்கி இருக்கப்போ எங்க நிக்கும், நீட்டுனா எங்க போகும், அவ்வளவுதான், பார்ட்டே கிடையாது. இதை ஒவ்வொரு சப்சிஸ்டம் பண்றவங்களும் டிரைவ்டு ஃபீச்சர் (வேற இடத்துல இருக்கறதை லிங்கோட உள்ள கொண்டு வர்ற வசதி) வச்சு அவங்க பார்ட் ஸ்டூடியோவுக்குள்ள (பார்ட் வரையிற டேப்) எடுத்துக்குவாங்க. பிவட்டை மேல ஏத்தணும்னா லேஅவுட்ல ஏத்தி புது வெர்ஷன் போட்டா போதும், டவர் பண்றவங்களும் ஆர்ம் பண்றவங்களும் அப்டேட் குடுத்தா ரெண்டும் ஒரே இடத்துக்கு வந்துடும். லேஅவுட்டை எடிட் பண்ற பெர்மிஷன் ரெண்டு பேருக்கு மேல குடுக்காதீங்க, மத்தவங்க கமெண்ட் போட்டு கேக்கட்டும்.

பதில்:

நான் சாலிட்வொர்க்ஸ்ங்கிற இன்னொரு 3டி டிசைன் சாஃப்ட்வேர்ல பழகி வந்தவன். அதை ஆரம்பிச்ச ஜான் ஹிர்ஷ்டிக் தான் ஆன்ஷேப்பையும் சேர்ந்து ஆரம்பிச்சாரு, அதனாலயோ என்னவோ ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட் எல்லாம் சட்டுனு கைக்கு வந்துடுச்சு. மேட் தான் வேற மாதிரி. அங்க ஒரு கீல் மாதிரி சுத்த வைக்கணும்னா கான்சென்ட்ரிக் (மையத்தைச் சேர்க்க) ஒண்ணு, கோஇன்சிடெண்ட் (முகத்தை ஒட்ட வைக்க) ஒண்ணுன்னு சேர்த்துப் போடுவோம், இங்க ஒரே ஒரு ரெவல்யூட் மேட் (ஒரு அச்சுல சுத்த மட்டும் விடுறது) போதும். அதுலயே லிமிட் குடுத்துட்டா ஆர்ம் எவ்ளோ தூரம் சுத்தும்னு மவுஸ்ல இழுத்தே பாத்துடலாம், மேல சொன்ன 18 இன்ச் பெட்டியை முட்டுதான்னு அங்கயே தெரிஞ்சிடும். அசையாத பாகங்களை எல்லாம் குரூப் பண்ணிடுங்க, தேவையில்லாம ஒவ்வொரு போல்ட்டுக்கும் மேட் போட்டுட்டு உக்காராதீங்க.

பதில்:

எங்க டீம்ல பிராஞ்ச் (மெயின் டிசைன்ல இருந்து பிரிச்சு தனியா மாத்திப் பாக்குறது) தான் உயிர். ஆர்ம் வைக்கலாமா லீனியர் ஸ்லைடு வைக்கலாமான்னு சண்டை வந்தா ரெண்டு பிராஞ்ச் போட்டு ரெண்டு கோஷ்டியும் பண்ணிக் காட்டுவாங்க, மெயின் அப்படியே பத்திரமா இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்றேன், பிராஞ்சை வாரக்கணக்குல இழுத்தடிச்சா திரும்ப மெயினோட மெர்ஜ் பண்றப்போ ரொம்ப கஷ்டம், ஏன்னா அதுக்குள்ள மெயின்லயும் அதே டேப்பை யாராவது மாத்தியிருப்பாங்க. கம்பேர் போட்டு என்னென்ன மாறியிருக்குன்னு பாத்துட்டு அப்புறமா மெர்ஜ் பண்ணுங்க.

பதில்:

அக்கா அண்ணா எல்லாருக்கும் நன்றி, நான் இந்த வருஷம்தான் சேர்ந்தேன். மோட்டார், சேனல் (உலோகச் சட்டம்) எல்லாம் கம்பெனி சைட்ல இருந்து ஸ்டெப் ஃபைல் (எந்த 3டி சாஃப்ட்வேர்லயும் திறக்கிற பொதுவான ஃபைல்) எடுத்து போடுறோம், ஆளாளுக்கு ஒரு காப்பி போட்டு அசெம்பிளி நகரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

பதில் (முதல் பதிவு போட்டவர்):

தம்பி, வாங்குற பார்ட்டுக்கு எல்லாம் தனியா ஒரு லைப்ரரி டாக்குமெண்ட் போடுங்க, ஒருத்தர் மட்டும் ஏத்தட்டும், மத்தவங்க அதோட வெர்ஷன்ல இருந்துதான் எடுக்கணும். மோட்டார் ஃபைலுக்குள்ள இருக்க சின்ன ஸ்க்ரூ, எழுத்து எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு ஏத்துங்க, உங்களுக்கு வேண்டியது மவுண்ட் ஓட்டையும் ஷாஃப்ட்டும் வெளி அளவும்தான். போல்ட், நட்டை டவுன்லோட் பண்ணவே வேண்டாம், ஆன்ஷேப்லயே ஸ்டாண்டர்ட் கண்டெண்ட்ங்கிற ரெடிமேட் பார்ட் தொகுப்புல இருக்கு. இன்னொண்ணு, கட்டிங்குக்கு பிளேட் அனுப்புறப்போ எந்த வெர்ஷன்ல இருந்து எக்ஸ்போர்ட் எடுத்தீங்களோ அந்தப் பேரை ஃபைல் பேர்லயே போடுங்க, வெட்டி வந்ததும் பிளேட் மேல மார்க்கர்லயும் எழுதிடுங்க. ஒர்க்ஷாப்ல ஒரே மாதிரி மூணு பிளேட் கிடக்குறப்போ அதுதான் கைகொடுக்கும்.