யூஎஸ்பி ஹப்களைக் கோர்த்துத் தூரத்தை நீட்டலாமா?

நுண்சில்லு:
கணினித் திரையின் பக்கவாட்டு யூஎஸ்பி துளையில் தொடங்கி, 5 மீட்டர் ஆக்டிவ் கேபிள்கள் (சமிக்ஞையைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் உள்ளவை) நான்கைக் கோர்த்து, 20 மீட்டர் தள்ளி ஒரு யூஎஸ்பி 2.0 கேமராவை இணைத்திருக்கிறேன். கேமராவை எடுத்துவிட்டு விசைப்பலகையைச் செருகினால் அது ஒழுங்காக இயங்குகிறது. கேமராவின் படமோ அடிக்கடி அறுபடுகிறது. வரிசையில் ஐந்து ஹப்கள் (ஒரு துளையிலிருந்து பிற சாதனங்களை இணைக்க உதவும் இடைப்பெட்டிகள்) வரை யூஎஸ்பி விதிமுறையே அனுமதிப்பதால், பழுது கேமராவில்தான் என்பது என் முடிவு.

கம்பிக்காரர்:
உங்கள் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. விசைப்பலகை மிகக் குறைந்த வேகத்தில் எப்போதாவது சில பைட்டுகளை அனுப்புவது. அது இயங்குவதை வைத்துத் தடம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஹார்ட் டிஸ்கில் ஒரு தரவுப் பொட்டலம் கெட்டால் மீண்டும் அனுப்பப்படும், வேகம் சற்றுக் குறைவதோடு சரி. பெரும்பாலான கேமராக்கள் பயன்படுத்தும் நிகழ்நேரப் பரிமாற்றத்தில் மறு அனுப்புதலே கிடையாது என்பதால், கெட்டது படத்தில் உடனே தெரிந்துவிடும். மின்சாரத்தையும் கவனியுங்கள். தனி மின் அடாப்டர் இல்லாத ஹப் ஒரு துளைக்கு 100 மில்லி ஆம்பியர் மட்டுமே தர வேண்டும்; கேமரா 500 வரை கேட்கலாம். அடாப்டர் இல்லாத ஹப்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ப்பதே விதிமுறைக்குப் புறம்பானது. ஒரே நீளமான ஆப்டிகல் (கண்ணாடி இழை) கேபிளுக்கு மாறிவிடுங்கள்.

நுண்சில்லு:
மின்சாரம் காரணமாக இருக்க முடியாது. கேமராவுக்கு முன்னால் அடாப்டருடன் கூடிய ஹப் ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். கேமரா கணினியின் சாதனப் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது! ரிப்பீட்டர் ஒவ்வொன்றும் சமிக்ஞையைப் புதிதாக்கித்தானே அனுப்புகிறது, பிறகு தூரம் எப்படித் தடையாகும்?

அளவுகோல்:
ரிப்பீட்டர் சமிக்ஞையின் வலுவை மீட்கும். கழிந்த நேரத்தை மீட்காது. யூஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட் வேகத்தில், கேள்வி அனுப்பிய கணினி பதிலுக்காக ஏறத்தாழ 1.5 மைக்ரோ விநாடிதான் காத்திருக்கும். 5 மீட்டர் கேபிளைக் கடக்க 26 நானோ விநாடி வரை ஆகலாம். ஒரு ஹப்பைக் கடக்க 79 வரை ஆகலாம். நீங்கள் சேர்க்கும் ஹப், தான் பெற்றுத்தரும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஐந்து ஹப், ஆறு கேபிள், போகவர இரு வழி, சாதனம் பதில் சொல்ல எடுக்கும் 400 நானோ விநாடி ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், கணக்கு அந்த 1.5-இல் வந்து நிற்கும். ஐந்து என்ற எண் அப்படி வந்ததுதான்.

இனி உங்கள் வரிசையை எண்ணுவோம். திரைக்குள் ஒரு ஹப் இருக்கிறது, ஆக்டிவ் கேபிள் ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு துளை கொண்ட ஹப், ஆக ஐந்து. அடாப்டர் ஹப் ஆறாவது, அதனால்தான் இயங்குதளம் அதை ஏற்கவில்லை. (ஏழு துளை ஹப்களில் பலவற்றின் உள்ளே இரண்டு சில்லுகள் கோர்க்கப்பட்டிருக்கும். பெட்டியை அல்ல, சில்லை எண்ண வேண்டும்.)

நுண்சில்லு:
திரையின் ஹப்பை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகி, அடாப்டர் ஹப்பை ஐந்தாவதாக வைத்ததும் படம் அறுபடுவது நின்றுவிட்டது. கேமரா மீது போட்ட பழியைத் திரும்பப் பெறுகிறேன்.

கம்பிக்காரர்:
அப்படியானால் மின்சாரம் பற்றி நான் சொன்னதும் பொய்யில்லை. எனினும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளை 5 கிகாபிட் கேமரா வாங்கினால், யூஎஸ்பி 2.0 மட்டுமே கடத்தும் இந்தக் கேபிள்கள் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கா.

நுண்சில்லு:
நாளைய கேமராவை நாளை பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உடன் செம்புக் கம்பி இல்லாத ஆப்டிகல் கேபிள் என்றால், அந்த முனையிலும் எனக்கு இதே அடாப்டர் வேண்டியிருக்கும்.