டெக்சாஸ் கிராமப்புற கவுண்டியில் 2003-இல் வாங்கிய விவாகரத்து டிக்ரி: சீல் வைத்த நகல் எங்கே கேட்பது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். அக்காவின் விவாகரத்து 2003-இல் மேற்கு டெக்சாஸில் முடிந்தது. கையில் இருப்பது டிக்ரியின் மங்கலான ஜெராக்ஸ், அதிலும் நடுவில் சில பக்கங்கள் இல்லை. முதல் பக்கத்தின் தலைப்பு கறுத்துப்போய் 394 என்ற எண் மட்டும் தெரிகிறது. கவுண்டி பெயர், காஸ் நம்பர் (வழக்கு எண்) எதுவும் படிக்க முடியவில்லை. அக்காவுக்கு மதுரையில் மறுமணம் நடக்க இருக்கிறது; பதிவுக்குக் கோர்ட் முத்திரையுள்ள நகல் கேட்கிறார்கள். ஆஸ்டினில் மாநில அலுவலகத்துக்கு 20 டாலர் அனுப்பினால் போதும் என்று ஒருவர் சொன்னார். சரியா? நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அக்காவுக்காக நான் விண்ணப்பிக்கலாமா?

பதிவறை எழுதியது:

அந்த 20 டாலரை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். மாநில வைட்டல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பிரிவு தருவது வெரிஃபிகேஷன் லெட்டர். இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தத் தேதியில், இந்தக் கவுண்டியில் விவாகரத்து ஆனது என்று சொல்லும் ஒரு தாள், அவ்வளவுதான். டிக்ரிக்கு அது ஈடாகாது. டிக்ரி, வழக்கு நடந்த கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம் இருக்கும். கவுண்டி கிளர்க் வேறு ஆள். திருமண லைசென்ஸ், நிலப் பத்திரம் எல்லாம் அவரிடம். ஆனால் மக்கள்தொகை 8,000-க்குக் குறைந்த கவுண்டிகளில் இரண்டு பதவியையும் ஒரே ஆள் பார்க்கலாம் என்று டெக்சாஸ் அரசியல் சட்டமே இடம் தருகிறது. அங்கே ஒரே ஜன்னல்தான்.

அந்த 394 உங்களுக்குப் பெரிய துப்பு. அது 394-ஆவது டிஸ்ட்ரிக்ட் கோர்ட். ஒரே நீதிபதி ஐந்து கவுண்டிகளுக்கும் சுற்றி வந்து வழக்கு கேட்பார்: ப்ரூஸ்டர், ப்ரெசிடியோ, ஜெஃப் டேவிஸ், கல்பர்சன், ஹட்ஸ்பெத். நீதிபதிதான் ஊர் ஊராகப் போவார், கோப்பு நகராது. ஆல்பைன், மார்ஃபா, ஃபோர்ட் டேவிஸ், வேன் ஹார்ன், சியரா பிளாங்கா ஆகிய ஐந்து தலைமையிடங்களில் ஒன்றில் அது கிடக்கிறது. கல்யாணம் எங்கே நடந்தது என்பது இதற்குப் பொருட்டல்ல. வழக்குப் போடும்போது இருவரில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும் அந்தக் கவுண்டியில் 90 நாளும் குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே அக்காவிடம் முதலில் கேட்க வேண்டியது, 2002, 2003-இல் யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்பதை.

அவருக்கு நினைவில்லை என்றால் டெக்சாஸ் விவாகரத்து அட்டவணையைப் பாருங்கள். 1968 முதல் இருக்கிறது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கணவன், மனைவி பெயர், வயது, திருமண நாள், விவாகரத்து நாள், கவுண்டி எல்லாம் வரும். நம் பெயர்கள்தான் இதில் சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ, அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை', என்று விழும். அதுவே கோர்ட் கோப்பிலும் ஏறிவிடும். அப்பா பெயர் கடைசிப் பெயராக வந்திருக்கும், இனிஷியல் விரிந்திருக்கும், நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். பெயரில் கிடைக்காவிட்டால் திருமண நாளையும் கவுண்டியையும் வைத்து வடிகட்டுங்கள். இந்தக் கவுண்டிகளில் ஒரு வருடத்து விவாகரத்துகள் கொஞ்சம்தான், கண்ணாலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

நீங்கள் கேட்கலாமா என்றால், தாராளமாக. யாரும் பார்க்கக் கூடாது என்று நீதிபதி மூடி வைக்காத கோப்பு பொது ஆவணம். உறவு நிரூபிக்க வேண்டாம், அதிகாரப் பத்திரமும் வேண்டாம். நம் ஊர் ஆர்டிஐ போல இங்கே இருக்கும் பப்ளிக் இன்ஃபர்மேஷன் சட்டத்தைச் சுட்டி எழுதாதீர்கள். அது கோர்ட் ஆவணங்களுக்குப் பொருந்தாது. அதைச் சொல்லியே மறுத்துவிடலாம்.

மணி ஆர்டர் எழுதியது:

கவுண்டி தெரிஞ்சதும் முதல்ல போன் பண்ணுங்க, கடிதம் அப்புறம். சின்ன ஆபீஸ், ரெண்டு மூணு பேர்தான் இருப்பாங்க. மதியம் 12-லிருந்து 1 வரைக்கும் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஹட்ஸ்பெத் மட்டும் மவுண்டன் டைம், அதாவது நியூ ஜெர்சிக்கு ரெண்டு மணி நேரம் பின்னாடி.

போன்ல மூணு விஷயம் கேளுங்க: காஸ் நம்பர், டிக்ரி மொத்தம் எத்தனை பக்கம், மணி ஆர்டர் யார் பேருக்கு எடுக்கணும். பக்கத்துக்கு 1 டாலர், நம்பர் இல்லாம தேடித்தர 5 டாலர்ங்கிற அளவுல இருக்கும். சான்றுக்குத் தனியா 5 டாலர் கேட்டாலும் கேப்பாங்க, அதையும் அப்பவே உறுதி பண்ணிக்குங்க. குழந்தை இருக்கிற டிக்ரின்னா 30 பக்கம் சாதாரணமா தாண்டும். பக்கம் தெரியாம குத்துமதிப்பா பணம் அனுப்பினா, ஒரு டாலர் குறைஞ்சாலும் கவர் அப்படியே திரும்பி வரும். ரெண்டு வாரம் போச்சு. பர்சனல் செக் வேண்டாம், போஸ்ட் ஆபீஸ் மணி ஆர்டர் எடுங்க.

கடிதத்துல ரெண்டு பேரோட அன்றைய முழுப்பெயர், மாற்று ஸ்பெல்லிங், வருஷம், காஸ் நம்பர், உங்க போன் நம்பர் எழுதுங்க. "ஃபைனல் டிக்ரி ஆஃப் டிவோர்ஸ், இணைப்புகள் உட்பட, சர்டிஃபைட் காப்பி, ரெண்டு செட்"னு தெளிவா கேளுங்க. வெறும் "டிவோர்ஸ் பேப்பர்ஸ்"னு எழுதினா சீல் இல்லாத ஜெராக்ஸ் வர்றதும் உண்டு. விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின பெரிய கவரையும் உள்ளே வைங்க.

ஆன்லைன்ல கிடைக்குமான்னு தேடி நேரத்தை வீணாக்காதீங்க. 20,000 பேருக்குக் குறைஞ்ச கவுண்டிகளுக்கு மின்தாக்கல் கட்டாயமானதே 2016 ஜூலையில. டெக்சாஸ் கோர்ட் கோப்புகளைத் தேடுற ரீசர்ச்டிஎக்ஸ் தளத்துல 2003 கோப்பு இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது.

நகல் கைக்கு வந்ததும் ஸ்டேப்பிளை மட்டும் பிரிக்கவே பிரிக்காதீங்க. சான்றுப் பக்கத்தையும் டிக்ரியையும் கட்டி வச்சிருக்கிறது அந்தக் கம்பிதான். ஸ்கேன் பண்றதுக்காகப் பிரிச்சு மறுபடி அடிச்சா ரெண்டு ஜோடி ஓட்டை தெரியும், நகலைச் செல்லாதுன்னு தள்ளிடுவாங்க. மடக்கி மடக்கி ஸ்கேன் பண்ணுங்க. இன்னொண்ணு, கோர்ட் காகிதங்கள்ல சோஷியல் செக்யூரிட்டி நம்பரை மறைக்கணும்ங்கிற விதி 2014-லதான் வந்துச்சு. 2003 டிக்ரியில முழு நம்பரும் இருக்கலாம். அதை வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க.

அடுத்தது அபோஸ்டில், அதாவது நகல்ல இருக்கிற கையெழுத்தும் முத்திரையும் உண்மைன்னு வெளிநாட்டுக்காக மாநில அரசு கொடுக்கிற சான்று. அதே சர்டிஃபைட் காப்பியை ஆஸ்டின்ல டெக்சாஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீசுக்கு அனுப்பணும். ஒரு ஆவணத்துக்கு 15 டாலர், விண்ணப்பத்துல நாடு இந்தியான்னு போடணும். நோட்டரிகிட்ட ஜெராக்ஸுக்குச் சான்று வாங்கி அனுப்பினா திருப்பிடுவாங்க; டெக்சாஸ் நோட்டரிக்கு கோர்ட் ஆவணத்துக்கு நகல் சான்று தர அதிகாரமே கிடையாது. நியூ ஜெர்சியிலயும் இதுக்கு அபோஸ்டில் வாங்க முடியாது.

மாட்டுத்தாவணி வக்கீல் எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் டிக்ரியை மட்டும் வாங்கி வந்தால் இங்கே பாதி வேலைதான் முடியும். இந்து முறைத் திருமணம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1991-இல் உச்ச நீதிமன்றம் ஒய். நரசிம்ம ராவ் எதிர் ஒய். வெங்கட லட்சுமி வழக்கில் தந்த தீர்ப்புதான் இன்றும் அளவுகோல். அதுவும் ஓர் அமெரிக்க டிக்ரிதான், மிசௌரி மாநிலத்தில் வாங்கியது. திருமணம் நடந்த சட்டம் ஏற்கும் காரணத்தின் மேல் விவாகரத்து தரப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் எதிர்த்தரப்பு அந்த நீதிமன்றத்துக்குத் தானே முன்வந்து உட்பட்டு, விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். டெக்சாஸ் டிக்ரிகளில் பெரும்பாலும் எழுதப்படும் காரணம் இன்சப்போர்ட்டபிலிட்டி, அதாவது சேர்ந்து வாழ முடியாத நிலை. இந்து திருமணச் சட்டத்தில் அப்படியொரு காரணம் இல்லை. ஆகவே எல்லாமே சம்மதத்தைக் காட்டுவதில் போய் நிற்கிறது.

டிக்ரியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இருவர் கையெழுத்துக்கும் மேலே "ஃபார்ம் அண்ட் சப்ஸ்டன்ஸ்", அதாவது வாசகம், உள்ளடக்கம் இரண்டுக்கும் சம்மதம் என்று இருந்தால் பலம். "ஃபார்ம் ஒன்லி" என்று இருந்தால் வாசகம் சரி என்று மட்டுமே ஒப்புக்கொண்டதாக ஆகும். கணவர் கையெழுத்தே இல்லாவிட்டால் டிஃபால்ட் டிக்ரியாக, அதாவது அவர் பதில் தராமலே வழங்கியதாக, இருக்கக்கூடும். எப்படியிருந்தாலும் அதே காஸ் நம்பரில் கணவர் தாக்கல் செய்த பதில் மனுவையோ, நோட்டரி முன் கையெழுத்திட்ட வேவர் ஆஃப் சர்வீஸையோ (முறைப்படி சம்மன் தர வேண்டாம் என்று எழுதித் தருவது) சேர்த்தே சர்டிஃபைட் காப்பி கேளுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் வரும். ஆனால் இங்கே நாளை ஒரு கேள்வி வந்தால் முதலில் தேடப்படும் காகிதம் அதுதான்.

அபோஸ்டிலைத் தவிர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தவிர்க்கவே கூடாது. நரசிம்ம ராவ் வழக்கில் கொண்டுவந்த நகலில் அந்த ஊர் டெபுடி கிளர்க்கின் சான்று இருந்தது. அமெரிக்காவில் உள்ள இந்திய அரசுப் பிரதிநிதியின் மேல்சான்று இல்லாததால்தான் அதைச் சாட்சியமாக ஏற்கவில்லை. 2005-இல் இந்தியா அபோஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபின் அந்த மேல்சான்றின் இடத்தில் அபோஸ்டில் வந்திருக்கிறது. டிக்ரிக்கும் வேவருக்கும் தனித்தனியாக வாங்குங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அக்கா மார்ஃபாவில் இருந்தார், அவர் கணவர் ஆல்பைனில். அட்டவணையில் இரண்டு பேர் பெயரிலும் எதுவும் கிடைக்கவில்லை. அப்படியென்றால் பதிவே ஆகவில்லையா?

பதிவறை எழுதியது:

அப்படி இல்லை. விவாகரத்து முடிந்ததும் கிளர்க் மாநிலத்துக்கு ஒரு தகவல் படிவம் அனுப்புவார். அதிலிருந்துதான் அட்டவணை உருவாகிறது. வழக்குப் போட்டவர் அந்தப் படிவத்தை நிரப்பித் தராமல் விட்டிருந்தால் அட்டவணையில் வராது. டிக்ரி செல்லும்.

மார்ஃபாவும் ஆல்பைனும் வேறு வேறு கவுண்டி: மார்ஃபா ப்ரெசிடியோ, ஆல்பைன் ப்ரூஸ்டர். இரண்டுக்கும் போன் செய்யுங்கள். வழக்குப் போட்டவர், எதிர்த்தரப்பு என்று இரண்டு பக்கத்துப் பெயர் அட்டவணையையும் பார்க்கச் சொல்லுங்கள். எஃப்என்யூ என்பதையும் அக்காவின் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2002 தொடக்கத்திலிருந்து தேடச் சொல்லுங்கள், ஏனென்றால் காஸ் நம்பர் மனு கொடுத்த தேதிப்படி விழும், டிக்ரி தேதிப்படி அல்ல. கோப்புறை கிடைக்கவில்லை என்று சொன்னால் போனை வைத்துவிடாமல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மினிட்ஸ் புத்தகத்தில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இறுதி உத்தரவுகள் அதில் தனியாகப் பதிவாகும், அது நிரந்தர ஆவணம். வால்யூம், பக்க எண் கிடைத்தால் அந்தப் பக்கங்களுக்கே சர்டிஃபைட் காப்பி தருவார்கள். அபோஸ்டிலுக்கும் அது செல்லும். வக்கீல் சொன்ன வேவர் மட்டும் மினிட்ஸில் இருக்காது, அதற்குக் கோப்புறையையோ அதன் மைக்ரோஃபிலிமையோதான் தேட வேண்டும்.