பழைய கணக்கு மென்பொருள், புதுக் கணினி: எந்த வர்ச்சுவல் மெஷின்?

கடைக்கணக்கு (சாட்ஸ்வொர்த்):
மாமா கடையின் கணக்கு மென்பொருள் விண்டோஸ் 7-ஐ விட்டு நகரமாட்டேன் என்கிறது. யூஎஸ்பி டாங்கிள் (உரிமச் சாவியாக வரும் சின்னக் குச்சி) செருகினால்தான் திறக்கும். புதுக் கணினியில் விண்டோஸ் 11 ப்ரோ, 16 ஜிபி ராம். அதற்குள் பழைய விண்டோஸை ஓட்ட வர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, எது சரிவரும்? நம் தென்னாப்பிரிக்காவில் கரண்ட் போவதையும் மனசில் வைத்துச் சொல்லுங்கள்.

டர்பன் சர்வர்:
ஹைப்பர்-விதான். ப்ரோவில் கூடவே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். ஒரு டிக், ஒரு ரீஸ்டார்ட், முடிந்தது.

மல்லிகை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி, கேள்வியை முழுதாகப் படித்தீர்களா? டாங்கிள் என்கிறார். ஹோஸ்டில் (வெளியே உள்ள நிஜக் கணினியில்) செருகியதை அப்படியே உள்ளே கொடுக்க ஹைப்பர்-வியில் வழியில்லை. வர்ச்சுவல்பாக்ஸில் 7.0 முதல் யூஎஸ்பி 3 கூட அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது. முன்பு அதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு போட வேண்டும். அது சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம், கடைக்கு இல்லை.

டர்பன் சர்வர்:
சரி, டாங்கிளில் மாட்டிக்கொண்டேன். ஆனால் வர்ச்சுவல்பாக்ஸா? விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி ஓடினால் ஹைப்பர்-வி அடியில் விழித்திருக்கும். வர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை வரும், வேகமும் அதற்கேற்றபடிதான். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ போடுங்கள். டாங்கிளும் எடுக்கும், 2024 நவம்பரிலிருந்து அலுவலகத்துக்கும் இலவசம்.

மல்லிகை:
அந்த நிலையில் விஎம்வேரும் ஹைப்பர்-வி முதுகில் ஏறித்தானே ஓடுகிறது? தவிர, பில் போடும் மென்பொருளுக்கு ஆமை வேகம் போதாதா? கடைக் கணினியில் பாதுகாப்பை அணைக்கச் சொல்ல நான் தயாரில்லை.

இன்வெர்ட்டர் (ஃபீனிக்ஸ்):
வேகத்தை விடுங்கள், கரண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2023-இல், ஸ்டேஜ் 6 மின்வெட்டு நாட்களில், மாதக் கடைசி. வேகம் கிடைக்குமே என்று வர்ச்சுவல்பாக்ஸில் 'ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ்' டிக்கைப் போட்டு வைத்திருந்தேன். கரண்ட் போனது. உள்ளே இருந்த விண்டோஸ் டிஸ்கில் எழுதியாகிவிட்டது என்று நம்பியதெல்லாம் ஹோஸ்டின் மெமரியிலேயே நின்றுவிட்டது. திரும்பத் திறந்தால் கணக்குக் கோப்பு பாழ். ஸ்னாப்ஷாட் (மெஷினின் முந்தைய நிலைப் பதிவு) இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அது மூல டிஸ்க் கோப்பை நம்பி நிற்கும், மாற்றங்களை மட்டும் வைக்கும் கோப்பு, அதே ஹார்ட் டிஸ்கில். மூன்று நாள் இன்வாய்ஸை மனைவி ரசீதுக் கட்டைப் பார்த்து மறுபடி அடித்தாள்; என்னிடம் பேசவில்லை. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். யூபிஎஸ் கத்தினால் 'சேவ் ஸ்டேட்' (மெஷினை அப்போதைய நிலையிலேயே சேமித்து நிறுத்துவது), தினமும் வெளி டிஸ்கில் ஒரு நகல்.

மல்லிகை:
இதையும் சேருங்கள் அண்ணே: விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. உள்ளே நெட்வொர்க் வேண்டாம், அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

கடைக்கணக்கு:
வர்ச்சுவல்பாக்ஸே போட்டேன். யூஎஸ்பி ஃபில்டரில் (உள்ளே கொடுக்க வேண்டிய சாதனங்களின் பட்டியலில்) டாங்கிளைச் சேர்த்ததும் மென்பொருள் திறந்தது. ஆமையும் இருக்கிறது. மாமா அதைக் கடையின் லோகோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டர்பன் சர்வர்:
ஆண்டுக் கணக்கு முடிக்கிற நாளில் ஆமையைப் பற்றி மறுபடி பேசுவோம்.