ஏற்காட்டில் பறவை நோக்கும் நடை: எப்போது, யாருடன் செல்வது?

அஸ்தம்பட்டி வாசகி:
வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பறவைகள் என்றால் உயிர். சேலத்து மூக்கனேரிக் கரையில் கொக்குகளையும் நீர்க்காகங்களையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஈடுபாடு அது. சென்ற டிசம்பரில் ஏற்காட்டில் வழிகாட்டியுடன் கூடிய நடை ஒன்றுக்கு அவளை அழைத்துச் சென்றேன். முப்பது பேர் வந்திருந்தனர். புறப்படவே மணி ஒன்பதாகிவிட்டது. வழிகாட்டி கைப்பேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டபடியே நடந்தார். அவள் ஆசைப்பட்ட ஆறுமணிக்குருவியைக் கடைசிவரை காண முடியவில்லை. மறுபடியும் செல்ல எந்த மாதம் ஏற்றது, எத்தகைய வழிகாட்டியைத் தேடுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

நாகலூர் ஆசிரியர்:
அம்மா, நீங்கள் சென்ற மாதம் சரியானதுதான். நேரமும் கூட்டமும்தான் கெடுத்துவிட்டன. வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கும் ஆறுமணிக்குருவி, குளிர்காலத்தைக் கழிக்கவே தெற்கே வருகிறது; பெயருக்கேற்ப விடியலிலும் அந்தியிலும்தான் மிகுதியாகக் குரல் கொடுக்கும். ஆகவே முந்தைய இரவே மேலே வந்து தங்கிவிடுங்கள். இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தால் பிள்ளை களைத்துவிடுவாள். ஆறேழு பேருக்கு மேல் சேர்க்காத வழிகாட்டியாகப் பாருங்கள். ஒலிப்பதிவைக் கேட்கும் பறவை, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி இரை தேடுவதை விட்டுவிட்டுப் பதறுகிறது. அதை எந்த நிலையிலும் என்னால் ஏற்க முடியாது. பதிவு செய்யும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

காப்பித்தோட்டக்காரர்:
ஆசிரியர் ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தக் குருவி தரையில் மேயும் பறவை என்பதால், மரத்தையே அண்ணாந்து பார்த்து நடப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கிறது. ஓரிடத்தில் அசையாமல் கால்மணி நேரம் நின்றால், ஒரு சருகு தானே புரள்வதுபோல் தெரியும், அடுத்த கணம் குட்டை வாலும் சிவந்த அடிவயிறுமாகக் குருவி தத்தி வெளியே வரும். தோட்டத்துக்குள் நுழையுமுன் உரிமையாளரிடம் அனுமதி பெற்றுவிடுங்கள். அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். திரும்பும் வழியில், பாதுகாப்பாக வண்டியை நிறுத்த இடம் கிடைத்தால், பாறையும் புதருமான சரிவுகளைக் கவனியுங்கள். தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய மஞ்சள் தொண்டைச் சின்னான் அங்கேதான் வாழ்கிறது.

அஸ்தம்பட்டி வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜனவரியில் இரண்டு நாள் தங்கும்படி வருகிறோம். அவளுக்கு எந்த பைனாகுலர் பொருந்தும்?

நாகலூர் ஆசிரியர்:
8 மடங்குப் பெருக்கமும் 42 மி.மீ. வில்லையும் உள்ளது போதும். அதற்கு மேல் பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் கூடித் தெரியும். காட்சியும் மங்குவதால், காப்பிச் செடிகளின் நிழலில் அத்தகையது அவ்வளவாகப் பயன்படாது.