சாப்பாட்டுக்கு முன் பெரியவர்களைக் கை கழுவ வைப்பது எப்படி?

கேள்வி:

முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணி. ஊழியர்கள் கை கழுவுவதில் குறையில்லை. தங்கியிருக்கும் பெரியவர்கள்தான், சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறை போய்வந்த பின்னும், பல நேரம் கழுவுவதில்லை. சுவரில் படம் ஒட்டியாயிற்று, பயனில்லை. மறதி நோய் உள்ள சிலர் குழாயைத் திறந்தாலே கையை இழுத்துக்கொள்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் ஒருவருக்குப் பக்கவாதத்தால் இடது கை மூடியே இருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் சானிடைசர் வைத்துவிட்டால் போதுமா?

பதில் 1:

அவர்களுக்கு மனமில்லை என்று முடிவுகட்டும் முன், வாஷ்பேசின் பக்கத்தில் நின்று கவனியுங்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு கையால் பேசின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். மறு கையின் விரல் நுனி மட்டும் நனையும். அதைத்தான் நாம் "கழுவிவிட்டார்" என்று எழுதுகிறோம். பேசினுக்கு முன்னால் கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், இரண்டு கையும் விடுபடும். சக்கர நாற்காலி என்றால் பேசினுக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் வேண்டும்.

திருகும் குழாயை மூட்டுவலிக்காரர்களால் திறக்க முடியாது. நெம்புகோல் பிடி போட்ட குழாய் மாற்றுங்கள். கட்டி சோப்பு வழுக்கும், தேங்கிய நீரில் ஊறிக் கிருமி சேரும். லேசாக அழுத்தினாலே நுரையாக வரும் பம்ப் நல்லது. அது தீர்ந்தால் மேலேயே ஊற்றி நிரப்பாதீர்கள். பாட்டிலைக் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள், அல்லது புதிதாக மாற்றுங்கள்.

அடிக்கடி தவறவிடும் இன்னொன்று: கழுவிய கையோடு சக்கர நாற்காலியின் வளையத்தைத் தள்ளியோ ஊன்றுகோலைப் பிடித்தோ மேசைக்கு வருகிறார்கள். கழுவியது அங்கேயே வீணாகிவிடுகிறது. சாப்பாட்டுக்கு முந்தைய கை சுத்தம் மேசையில் உட்கார்ந்த பிறகு நடக்கட்டும். ஆளுக்குத் தனித்தனி ஈரத்துணிகள், சோப்பு நீரில் ஒன்று, நல்ல நீரில் ஒன்று, பிறகு உலர்ந்த துணி. ஊன்றுகோல் பிடியையும் தினமும் துடையுங்கள்.

பதில் 2:

சானிடைசர் கேள்விக்கு: மேசைதோறும் வைக்காதீர்கள். மறதி நோய் உள்ளவர்கள் அதைக் குடித்துவிடும் ஆபத்து உண்மையானது. ஊழியர் கையில் இருக்கட்டும், அவர் ஊற்றிக் கொடுக்கட்டும். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரு கையும் முழுதாக நனையும் அளவு ஊற்றி, காயும் வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். ஆக்சிஜன் வைத்திருப்பவர் என்றால் கை முழுக்க உலர்ந்த பிறகே ஆக்சிஜன் குழாயைத் தொட வேண்டும், ஆல்கஹால் தீப்பிடிக்கும்.

கையில் அழுக்கோ மலமோ பட்டிருந்தால் சானிடைசர் வேலை செய்யாது. வாந்தி, வயிற்றுப்போக்கு பரவும் நாட்களிலும் அதை நம்ப வேண்டாம். நோரோவைரஸ் அதற்கு எளிதில் அடங்காது, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி. டிஃபிசில் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சாகவே சாகாது. அங்கே சோப்பும் ஓடும் நீரும்தான், 40 முதல் 60 விநாடி.

மறதி நோய் உள்ளவரிடம் "கை கழுவுங்கள்" என்றால் அது ஒரே வேலை அல்ல, ஏழெட்டு வேலை. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "கையை நீட்டுங்க அம்மா." அவர் நீட்டிய பிறகு, "இதோ சோப்பு." பேசும்போது அவர் முகத்துக்கு நேராக இருங்கள், பின்னாலிருந்து கையைப் பிடித்தால் மிரள்வார்கள். குழாய் இரைச்சல் பயமுறுத்தினால் முன்பே வெதுவெதுப்பான நீர் நிரப்பிய கிண்ணம் போதும். சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் பாருங்கள். உங்கள் கையை அவர் கைக்கு அடியில் வைத்து, அவர் தேய்ப்பதுபோல நகர்த்துங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல் பத்து நிமிடம் கழித்து வாருங்கள்.

பதில் 3:

மூடிய கையைப் பற்றி. விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள், வலிக்கும், இன்னும் இறுகும். முதலில் கையை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வையுங்கள். பிறகு மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடக்குங்கள், விரல்கள் தாமாகத் தளரும். கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து விலக்கி, மெல்லிய ஈரத்துணியை உள்ளங்கை வழியாகச் செலுத்தித் துடையுங்கள்.

கழுவுவதைவிட உலர்த்துவது முக்கியம். விரலிடுக்கில் ஈரம் நின்றால் தோல் வெளுத்து ஊறி, நாற்றமடித்து, புண்ணாகும். நகம் நீண்டால் உள்ளங்கையில் குத்தும், தினமும் பாருங்கள். சிவந்த தடமோ வெடிப்போ தெரிந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் கைக்குள் வைக்கும் உருளை பற்றியும் கேளுங்கள்.

படுக்கையில் இருப்பவருக்கு பெட்பேன் (படுக்கையிலேயே மலசலம் கழிக்கும் பாத்திரம்) எடுத்ததும் ஊழியர் தன் கையைக் கழுவுகிறார், படுத்திருப்பவர் கையைக் கழுவிவிடுவதில்லை. பெட்பேன் வைக்கும் தட்டிலேயே சோப்பு போட்ட ஈரத்துணியையும் சேர்த்து எடுத்துப் போனால் மறக்காது.

கேட்டவர்:

நன்றி. கை எரிகிறது என்று சொல்லித்தான் இருவர் மறுக்கிறார்கள்.

பதில் 1:

அது சாக்கு அல்ல. வயதான தோல் மெல்லியது, எண்ணெய்ப்பசை குறைந்தது. சூடான நீர் அதை இன்னும் வறட்டும். கிருமியை நீக்குவது சோப்பும் தேய்ப்பும்தான், சூடு தேவையில்லை. மணமில்லாத மென்மையான சோப்பு, நன்றாக அலசல், தேய்க்காமல் ஒற்றி உலர்த்தல், உடனே மணமற்ற மாய்ஸ்சரைசர். வெடித்த இடத்தில் சானிடைசர் சுரீரென்று எரியும், ஆறும் வரை அவர்களுக்கு சோப்பு மட்டும் கொடுங்கள். ஒருவாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.